பெரியம்மாவின் இடது கையும் என் கடைசி வரிசையும்

நுனியில் கொக்கி உள்ள ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் குரோஷே கைவேலையில் எனக்கு மிகவும் பிடித்தது கிராப் ஸ்டிட்ச். நான் அதை நண்டுப் பின்னல் என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஒரு விரிப்போ மேசைத் துணியோ முடிகிற நேரத்தில், அதன் ஓரத்தைக் கட்டுவதற்காகக் கடைசி வரிசையில் போடப்படுவது அது. வலது கைக்காரர்கள் எந்தப் பின்னலைப் போட்டாலும் வலமிருந்து இடமாகத்தான் போவோம். வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் வலமிருந்து இடமாகவே வருவோம். நண்டுப் பின்னலில் மட்டும் துணியைத் திருப்புவதில்லை. வரிசை முடிந்த இடத்திலேயே நின்று, வந்த வழியே இடமிருந்து வலமாகத் திரும்பிப் போகிறோம். போடுவது சாதாரண ஒற்றைப் பின்னல்தான் என்றாலும், திசை மாறுவதால் ஒவ்வொரு கண்ணியும் முறுக்கிக்கொள்கிறது. ஓரம் மெல்லிய கயிறு முறுக்கி வைத்ததுபோல் எழுந்து நிற்கிறது. அப்படிக் கட்டிய ஓரம் எளிதில் இழுபடாது, சுருளாது. அதன் தலையில் மறுபடி ஊசியை நுழைப்பது கடினம் என்பதால், அதற்குப் பிறகு பொதுவாக வேறு வரிசை போடுவதில்லை.

கைக்கு முதலில் இது வசப்படாது. ஒரு சங்கிலிக் கண்ணி போட்டுவிட்டு, வலப்பக்கத்தில் இருக்கும் கண்ணிக்குள் ஊசியை நுழைக்க வேண்டும். அப்போது கொக்கியின் வாய் கீழ்நோக்கி இருந்தால்தான் நூல் சிக்கும். நூலை இழுத்து வெளியே கொண்டுவந்ததும் ஊசியில் இரண்டு கண்ணிகள் இருக்கும். கொக்கியை நிமிர்த்தி, நூலை ஒரு சுற்றுச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுத்துவிட வேண்டும். 1.25 மில்லிமீட்டர் எஃகு ஊசியில் மெல்லிய பருத்தி நூலை வைத்துப் போடும்போது கண்ணியைக் கண்ணால் தேடுவதைவிட விரல்நுனியால் தடவிக் கண்டுபிடிப்பதே எளிது. மலேசியாவில் எங்கள் பினாங்கின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து நூல் விரலோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால், என் பெரியம்மா நூல்கண்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பார். ஓரம் அலை அலையாக எழும்பினால் ஓர் அளவு சிறிய ஊசிக்கு மாறிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா, பினாங்கின் ஜெலுத்தோங் பகுதியில் குடியிருந்தார். அவருக்கு இடது கைப் பழக்கம். அந்தக் காலத்தில் அதை அப்படியே விட்டுவைக்க யாரும் சம்மதிக்கவில்லை. சாப்பாட்டுக்கு வலது கை, திருநீறு வாங்க வலது கை, கடைக்காரரிடம் காசு நீட்டவும் வலது கைதான் என்று வீட்டில் திருத்தினார்கள். பள்ளியில் இடது கையில் பென்சிலைப் பிடித்தால் விரல் முட்டியில் அடிகோலால் அடி விழுந்ததாம். கடைசிவரை வலது கையால்தான் எழுதினார்; கையெழுத்து அழகாகவே இருக்கும். ஆனால் குரோஷே ஊசியை மட்டும் யாரும் அவருடைய இடது கையிலிருந்து பிடுங்கவில்லை. கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டு அம்மையார் வலது கைக்காரர். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்ததால், அவர் செய்ததைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் பார்த்து இவர் இடது கையால் செய்துவிட்டார். வேலை சரியாக வந்ததால் யாருக்கும் அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. தொலைக்காட்சிக்கு மேல் ஒன்று, குளிர்பெட்டிக்கு மேல் ஒன்று, பால் குவளையை மூட ஓரமெல்லாம் பாசிமணி தொங்கும் சின்ன வட்டம் ஒன்று என்று அந்த வீட்டில் இருந்த அத்தனை வெள்ளைப் பின்னலும் அந்த இடது கை செய்தவைதாம்.

எனக்கும் அவர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். "பக்கத்துல உக்காராதம்மா, எதிர்ல வா" என்பார். எதிரில் இருந்து கற்ற காலத்தில் அவருடைய கை எந்தப் பக்கம் போகிறது என்று நான் கவனித்ததே இல்லை. ஓரளவு பழகிய பின், ஒரே சோபாவில் இருவரும் ஆளுக்கொரு வேலையாக அமர்ந்திருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அவருடைய சாதாரண வரிசைகள் எல்லாம் இடமிருந்து வலமாகப் போயின. நான் நண்டுப் பின்னலில் மட்டும் போகும் திசை அது. அவர் நண்டுப் பின்னல் போட்டபோதோ, என்னுடைய அன்றாடத் திசையான வலமிருந்து இடமாகப் போனார். எனக்குத் தலைகீழாக இருப்பது அவருக்கு நேராக இருந்தது. அன்றிலிருந்து இந்தப் பின்னல் எனக்கு வெறும் ஓரமாக இல்லை. எதைப் பின்னினாலும் கடைசி வரிசைக்கு வரும்போது, என் கை பெரியம்மாவின் கை போன வழியில் போகிறது.

எங்கள் சாமி மேடையில் குத்துவிளக்குக்கு அடியில் விரிப்பதற்காக நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்த துணி ஒன்று இருக்கிறது. உள்வேலை முழுவதும் அவருடையது. ஓரத்தை மட்டும் பங்கு போட்டுக்கொண்டோம். ஒரே மூலையில் ஆளுக்கொரு நூல்கண்டோடு தொடங்கி, நான் இடமிருந்து வலமாகவும் அவர் வலமிருந்து இடமாகவும் போய் எதிர்மூலையில் சந்தித்தோம். அந்த ஓரத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால், என் பாதியில் முறுக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவர் பாதியில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பெரியம்மா இப்போது இல்லை. விளக்கெண்ணெய்க் கறை போகத் துணியைச் சோப்பு நீரில் ஊறவைத்து அலசும்போது, கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் அவருடைய பாதி எது என்று என் விரல் சொல்லிவிடும்.

இயந்திரத்தில் நெய்த துணியில் இப்படி ஒரு கையைக் கண்டுபிடிக்க முடியாது. குரோஷே இன்றும் கையால்தான் போடப்படுகிறது. ஆலைகளில் குரோஷே இயந்திரம் என்று அழைக்கப்படுவது, பார்வைக்கு அதுபோலத் தோன்றும் வேறு வகைப் பின்னலைத்தான் போடுகிறது. 1840களின் பஞ்சத்தில் அயர்லாந்துப் பெண்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் பின்னி விற்ற லேஸும், இன்று கடையில் தொங்கும் மலிவான குரோஷே மேலாடையும் ஒரு மனிதர் ஊசியைப் பிடித்து ஒவ்வொரு கண்ணியாகப் போட்டவைதாம். அந்த விலைக்கு அது விற்பனைக்கு வருகிறது என்றால், பின்னியவர் கையில் எவ்வளவு குறைவாகப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு கனத்துவிடும். பத்து பெரிங்கி இரவுச் சந்தையில் அத்தகைய ஆடைகளைப் பார்த்தால், நண்டுப் பின்னல் ஓரம் இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் என் பக்கத்துச் சாய்வாகவே இருக்கும். எப்போதாவது மாறிய சாய்வு ஒன்று தென்பட்டால், அதை வாங்காமல் வர எனக்கு மனம் வராது.

இப்போது என் தம்பி மகள் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கும் இடது கைதான். விளக்கப் படங்கள் பெரும்பாலும் வலது கைக்காரர்களுக்காக வருபவை என்பதால், ஊசியை வலது கைக்கு மாற்றிவிடலாமே என்று வீட்டில் கேட்டார்கள். மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். படத்தைக் கைபேசியில் இடவலமாகத் திருப்பிக்கொண்டால் போதும். எழுத்தில் வரும் குறிப்பில் இடம், வலம் என்று சொல்லும் இடங்களை மட்டும் மாற்றிப் படித்தால் மற்றவை அப்படியே பொருந்தும். அவளை நான் எதிரில்தான் உட்கார வைக்கிறேன். இப்போதைக்கு ஒற்றைப் பின்னலில் நிற்கிறாள். நூலை இறுக்கிப் பிடிப்பதால் அவளுடைய வரிசைகள் கொஞ்சம் குறுகிப் போகின்றன. அது சரியானதும் ஓரம் கட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறேன்.