மல்லிப்பூ ஏன் சாம்பலாகிறது? வேலூர் வெயிலில் கேமரா பழகுகிறவர்களுக்கு

காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போய், குவித்து வைத்த மல்லியை ஃபிரேம் நிறைய வைத்து ஆட்டோவில் ஒரு படம் எடுங்கள். பூ மங்கி, அழுக்குத் துணி நிறத்தில் வந்திருக்கும். அங்கிருந்து கோட்டைக்கு வந்து, ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் (படமெடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டு) இருட்டில் நிற்கும் யாளியின் முகத்தை மட்டும் எடுங்கள். இந்த முறை கருத்த கல் வெளிறிப்போய், மேலே விபூதி பூசிய மாதிரி இருக்கும். பார்க்க வேறு வேறு தப்பு போலத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டருக்குப் பூ தெரியாது, கல் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் திரும்பி வருகிறது என்பது மட்டும்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அது ஏறக்குறைய நடுச்சாம்பல், அதாவது விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் ஒரு பொருள், என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளையைக் காட்டினால் "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று குறைக்கும். கறுப்பைக் காட்டினால் ஏற்றும். இப்போதைய கேமராக்கள் ஃபிரேமைப் பல கட்டங்களாகப் பிரித்துப் பார்த்துக் கொஞ்சம் சமாளிக்கின்றன, முகத்தையும் கண்டுபிடிக்கின்றன. ஆனால் ஃபிரேம் முழுக்க ஒரே நிறமாக இருந்தால் அந்தச் சாமர்த்தியமும் கைகொடுக்காது.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. படமெடுப்பவருக்கு இரண்டும் ஒரே தொல்லை. பாலாற்று மணலும் மொட்டைப் பாறையும் வெயிலை அப்படியே திருப்பியடிக்கும். அதன் முன்னால் நண்பரை நிறுத்தி எடுத்தால், மீட்டர் மணலைப் பார்த்துப் பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும், மணல் சாம்பலாகிவிடும், நண்பர் "என்னப்பா, மூஞ்சியே தெரியலையே" என்பார். குறை கேமராவிலும் இல்லை, நண்பரிடமும் இல்லை.

இதற்கு மருந்து பிளஸ், மைனஸ் குறி இரண்டும் சேர்ந்து போட்ட பட்டன். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்பார்கள். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களில் பெரும்பாலும் பட்டனை அழுத்திப் பிடித்தபடி சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். பல மிரர்லெஸ்களில் அதற்கே தனிச் சக்கரம் இருக்கும். பிளஸ் 1 என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு, மைனஸ் 1 என்றால் பாதி. மல்லிக் குவியலுக்கு பிளஸ் 1-இல் தொடங்குங்கள். மணல் பின்னணியில் ஆள் என்றால் பிளஸ் 0.7 முதல் 1.3 வரை. ஏலகிரியில் காலைப் பனிமூட்டத்துக்கும் பிளஸ் 0.7 தேவைப்படும், இல்லையென்றால் பனி புகை மாதிரி ஆகிவிடும். இருண்ட யாளிக்கு மைனஸ் 1. எருமை, கறுப்புக் கோட்டு, இருட்டுப் பின்னணியில் விளக்கு, எல்லாம் மைனஸ் பக்கம்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பச்சைக் கட்டம் போட்ட முழு ஆட்டோவில் இந்தப் பட்டன் பெரும்பாலும் வேலை செய்யாது. எல்லாவற்றையும் நீங்களே வைக்கும் எம் (மேனுவல்) மோடிலும், ஐஎஸ்ஓவை, அதாவது வந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்ட வேண்டும் என்ற எண்ணை, நீங்களே வைத்திருந்தால், எக்ஸ்போஷர் மாறாது. சில கேமராவில் அதே பட்டன் அங்கே அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) மாற்றும். இரண்டாவது, பல கேமராக்களில் பிளஸ் 1 வைத்தால் அணைத்துப் போட்டாலும் அப்படியே நிற்கும். மார்க்கெட்டில் வைத்ததை மறந்து கோட்டைக்குப் போய் எடுத்தால் வானம் வெள்ளைத்தாளாகிவிடும். இடம் மாறும்போதெல்லாம் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

"எம் மோடில் எடுப்பவர்தான் போட்டோகிராபர்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பழகுவதற்கு அபெர்ச்சர் மோடுதான் சரி. டயலில் ஏ அல்லது ஏவி என்று இருக்கும். அபெர்ச்சரை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, கேமரா பார்த்துக்கொள்ளும், தப்பினால் காம்பன்சேஷனில் திருத்துவீர்கள். எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும் வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் வெளிச்சம் பாதியாகும், ஃபோகஸில் விழும் ஆழம் கூடும். கோட்டைச் சுவர், அகழி, பின்னால் மலை எல்லாம் தெளிவாக வேண்டுமா, எஃப் 8. ஒரு முகம் மட்டும் வேண்டுமா, லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. எஃப் 16-ஐத் தாண்டினால் இன்னும் கூர்மை வரும் என்று நினைக்காதீர்கள். துளை சிறுத்துப்போனால் ஒளி விலகிச் சிதறி, படம் முழுக்க லேசாக மழுங்கும்.

நல்ல வெயிலுக்குப் பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு ஒன்று இன்றைக்கும் பொய்க்காது: எஃப் 16, ஷட்டர் ஒன்றின் கீழ் ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 100 என்றால் எஃப் 16-இல் 1/100 நொடி, எஃப் 11-இல் 1/200, எஃப் 8-இல் 1/400. பதினொரு மணி வெயிலில் உங்கள் கேமரா எஃப் 8-க்கு 1/1600 காட்டுகிறது என்றால் ஐஎஸ்ஓ 400-இல் மறந்து நிற்கிறது, அல்லது மீட்டர் வெள்ளையைப் பார்த்து ஏமாந்திருக்கிறது. எதுவென்று ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

ஷட்டரில் இரண்டு விதமான ஆட்டம் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று உங்கள் கை ஆடுவது. அதற்கு, லென்ஸின் மில்லிமீட்டரை 1.5 அல்லது 1.6-ஆல் பெருக்கி, ஒன்றின் கீழ் போடுங்கள். கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55-இல் வைத்தால் 1/80, 1/100 வேண்டும். லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதைவிடக் குறைவாகவும் போகலாம். மற்றொன்று எதிரில் இருப்பவர் ஆடுவது. அதை எந்த அதிர்வுத் தடுப்பும் காப்பாற்றாது. மண்டபத்துத் தூண் ஓடப்போவதில்லை, ஆகவே 18-இல் 1/15 வைத்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டபின் தொடர்ச்சியாக மூன்று எடுத்தால் நடுவில் உள்ளது பெரும்பாலும் கூர்மையாக இருக்கும். ஐஎஸ்ஓ 400, 800-லேயே வேலை முடியும். அதே மண்டபத்தில் குழந்தை நடந்து வந்தால் 1/200 வேண்டும், ஐஎஸ்ஓ 6400 ஆனாலும் ஆகட்டும். புள்ளி புள்ளியான படத்தைச் சரிசெய்யலாம், இழுபட்ட முகத்தைச் சரிசெய்ய முடியாது.

முக்காலி விரித்தால் எளிதுதானே என்று தோன்றும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலிக்கு முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம், போனைக்கூட உள்ளே விட மாட்டார்கள்.

பொங்கலுக்குப் பின் நம் பக்கத்து ஊர்களில் நடக்கும் எருது விடும் விழாவுக்கு வேறு கணக்கு. ஷட்டர் மோடுக்கு மாறி, 1/1000-க்குக் குறையாமல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஃபோகஸைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்ற வேண்டும். நிக்கானில் ஏஎஃப்-சி, கேனான் டிஎஸ்எல்ஆரில் ஏஐ சர்வோ. இதை மாற்றாமல் ஒற்றை ஃபோகஸிலேயே எடுப்பதால்தான் மாடு மங்கலாகவும், அது கடந்துபோன தட்டி பளிச்சென்றும் வருகிறது. நேராக ஓடிவரும் மாட்டைவிடக் குறுக்கே ஓடும் மாட்டுக்கு ஃபோகஸ் எளிது. மாடி கிடைத்தால் ஏறிவிடுங்கள். புழுதியும் தலைகளும் மறைக்காது, உயிருக்கும் நல்லது. புழுதியில் லென்ஸைக் கழற்றவே கூடாது. பிறகு கண்ணாடியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி ஒட்டிக் கறையாகும். ரப்பர் ஊதி முதலில், மைக்ரோஃபைபர் துணி பிறகு.

குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலம். அங்கே காத்திருக்கும் சிக்கல் சிவப்பு. குங்குமமும் சிவப்புப் பட்டும் செவ்வரளி மாலையும் வெயிலில் எடுத்தால், பார்க்க எக்ஸ்போஷர் சரியாக இருக்கும், ஆனால் சிவப்பு ஒரே அப்பலாக, மடிப்பும் இதழும் தெரியாமல் வரும். காரணம், சென்சார் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பதிகிறது. இதில் சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டி நின்றுவிடுகிறது, மற்ற இரண்டும் கீழே இருப்பதால் மொத்தக் கணக்கு நன்றாக இருப்பதுபோலத் தெரிகிறது. எடுத்த படத்தைப் பார்க்கும்போது ஹிஸ்டோகிராமை, அதாவது இடது ஓரம் இருட்டு, வலது ஓரம் வெளிச்சம் என்று காட்டும் மலை மாதிரியான வரைபடத்தை, மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும் திரைக்கு மாற்றுங்கள். சிவப்பு மலை வலது சுவரில் மோதி நின்றால் மைனஸ் 0.7. பின்திரையின் வெளிச்சத்தை நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வெயிலில் எல்லாப் படமும் இருட்டாகத் தெரியும், இரவில் எல்லாமே பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராமுக்கு வெயிலும் இரவும் ஒன்றுதான்.

இரவு ஊர்வலத்தில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் கேமரா கெட்டுப்போகவில்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள், பெரும்பாலும் தீரும். சீரியல் பல்புகளில் சில அதற்கும் அடங்காது, அப்போது ஐந்தாறு எடுத்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி எடிட்டிங். கேமராவில் ரா ஃபைலை (சென்சார் பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் அப்படியே வைக்கும் ஃபைல்) இன்றைக்கே ஆன் செய்யுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. இருட்டைத் தூக்கிப் பார்க்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். கம்ப்யூட்டர் இருந்தால் டார்க்டேபிள் இலவசம், காசு கட்டுவதென்றால் லைட்ரூம். போன் மட்டும் என்றால் ஸ்நாப்சீட் போதும்.

மண்டபத்துக்குள் நின்று, தூண்களுக்கு இடையே வெயிலடிக்கும் முற்றம் தெரியும்படி எடுத்த ஒரு ரா படத்தை எடுத்துக்கொள்வோம். முற்றம் வெந்துபோகாமல் இருக்க மைனஸ் 1-இல் எடுத்தது, ஆகவே தூண்கள் இருட்டு. லைட்ரூம் என்றால் முதலில் சாய்வை நிமிர்த்துங்கள். தூணில் ஒரு டிகிரி சாய்வுகூடக் கண்ணை உறுத்தும். பிறகு ஒயிட் பேலன்ஸ், அதாவது படத்தின் மொத்த நிறச்சாயல். ஐட்ராப்பரை எடுத்துக் கருங்கல்லில் அழுத்தினால் மதியப் படத்துக்கு ஓரளவு சரியாக வரும். மாலைப் படத்தில் அதைச் செய்தால் பொன்வெயிலைத் துடைத்துவிட்டு நடுப்பகலாக்கிவிடும். அங்கே 5,500 கெல்வினை ஒட்டி நீங்களே கையால் வையுங்கள்.

அடுத்து எக்ஸ்போஷர் பிளஸ் 0.5. ஹைலைட்ஸ் மைனஸ் 60, முற்றத்துக் கல்தரையின் கோடுகள் திரும்பி வரும். ஷேடோஸ் பிளஸ் 40. இங்கேதான் எல்லாரும் நூறு வரை இழுக்கிறார்கள். இழுத்தால் தூணின் இருட்டில் ஊதாப் புள்ளிகள் கிளம்பும், தூணும் முற்றமும் சேரும் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு ஒட்டிக்கொள்ளும், படம் காலண்டர் அட்டை மாதிரி ஆகிவிடும். மண்டபம் என்றால் இருட்டு இருக்கத்தான் வேண்டும். பிளாக்ஸை இழுக்கும்போது கீபோர்டில் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டால் திரை வெள்ளையாகும், முழுக் கறுப்பாகிற இடம் மட்டும் தெரியும். யாளியின் வாய்க்குள் ஒரு சொட்டுக் கறுப்பு தெரிந்ததும் நிறுத்துங்கள்.

நிறம் கூட்ட சாச்சுரேஷனைத் தொடாதீர்கள், வைப்ரன்ஸ் பிளஸ் 10, 15 போதும். அது ஏற்கெனவே அடர்ந்த நிறங்களை விட்டுவிட்டு மங்கியதை மட்டும் ஏற்றும், தோல் நிறத்தையும் அதிகம் சீண்டாது. ஆட்கள் இருக்கும் படத்தில் இன்னொரு எச்சரிக்கை. நிறங்களைத் தனித்தனியாகத் திருத்தும் பகுதியில் ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றினால் முகம் வெளுக்கும். கல்யாண ஆல்பங்களில் மாநிறக்காரர்களை ஒரே மாவு நிறமாக்கும் வித்தை இதுதான். வேண்டாம். முகம் இருட்டாக இருந்தால் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் கால் படி ஏற்றுங்கள், நிறம் அவருடையதாகவே இருக்கும்.

வெளியே அனுப்பும்போது நிற அளவுமுறை (கலர் ஸ்பேஸ்) எஸ்ஆர்ஜிபி. அடோபி ஆர்ஜிபியில் சேமித்த படம் பலருடைய போனில் சோகை பிடித்த மாதிரி தெரியும். இன்ஸ்டாகிராமுக்கு அகலம் 1080 பிக்சல், நிமிர்ந்த படமென்றால் 1080-க்கு 1350. ஸ்டூடியோவில் 6-க்கு 4 அங்குலம் பிரிண்ட் போட 1800-க்கு 1200 பிக்சல் இருந்தாலே 300 டிபிஐ வந்துவிடும். போனில் படுக்கைவாக்கில் எடுத்த படம் பெரும்பாலும் 4:3 விகிதம், அந்த அளவுக்குள் அடங்காது, மேலும் கீழும் வெட்டுவார்கள். எங்கே வெட்டலாம் என்பதை நீங்களே க்ராப் செய்து கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தாத்தாவின் தலைப்பாகை போய்விடும். வாட்ஸாப்பில் அனுப்புவதாக இருந்தால் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கார்டில் இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் வைத்து ஒவ்வொன்றாக அழிக்காதீர்கள். இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, இரண்டிலும் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகு, கார்டைக் கேமராவில் போட்டு அங்கேயே ஃபார்மேட் செய்யுங்கள்.