711-ஆம் அறையும் கடைசிப் பெட்டி லாம்பும்

விடுதியில் விளக்கு அணைந்தால் என் கட்டிலைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். அப்பா இலங்கையின் வடக்கே மாங்குளத்தில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தபடியால், கோச்சிப் (ரயில்) பேய்க் கதை முழுவதும் என்னிடம்தான் இருக்கும் என்று பொடியள் நம்பினார்கள். கைகாட்டிக்கு மண்ணெண்ணெய் லாம்பு ஏற்றப்போன ஒருவர் திரும்பி வரவில்லை, அமாவாசை இரவுகளில் அந்த லாம்பு மட்டும் தண்டவாளம் வழியே தனியே நடந்து வரும் என்று சொல்லுவேன். அப்பாவிடம் வேலை செய்த வயதான போர்ட்டர் ஒருவர் எனக்குச் சொன்ன கதை அது. பக்கத்துக் கட்டில்காரன் போர்வைக்குள் இருந்தபடியே, "லாம்பு வந்த பிறகு கோச்சி வந்ததோடா?" என்று கேட்பான். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி.

அவனும் நானும் போன கோடையில் ஒரு கலியாணத்துக்காக அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்குப் போனோம். தங்கிய ஹோட்டல் ஒரு காலத்தில் யூனியன் ஸ்டேசன். 1900 ஒக்டோபரில் திறந்த நிலையம். 1979-இல் கடைசிப் பயணிகள் கோச்சி போய், 1986-இல் ஹோட்டலாகியது. உள்ளே நுழைந்தவுடன் இருவரும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றோம். 65 அடி உயரத்தில் வளைந்த கூரை, அதில் நிறக் கண்ணாடி. பின்னேர வெயில் அதற்குள்ளால் இறங்கித் தரையில் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. முன்பெல்லாம் கீழே தண்டவாள மட்டத்தில் இரண்டு குளம் கட்டி முதலை வளர்த்தார்களாம்!

711-ஆம் அறையின் கதையை வரவேற்பில் நின்ற பிள்ளை சொன்னாள். அபிகேல் என்றொரு பெண். இரண்டாம் உலகப் போருக்காக பிரான்சுக்குப் புறப்பட்ட காதலனை இந்த மேடையில்தான் வழியனுப்பினாள். திரும்பி வரும்போது இதே இடத்தில் நிற்பேன் என்று சொல்லியிருந்தாள். வந்து நின்றபோது கிடைத்தது அவன் இறந்த செய்தி. அங்கேயே கோச்சியின் முன் பாய்ந்துவிட்டாள். இன்றைக்கும் அந்த அறைப் பக்கம் காலடிச் சத்தம் கேட்கிறதாம். அந்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வந்து தங்குகிறவர்களும் இருக்கிறார்களாம். தன் மூத்த சகோதரியைப் பற்றிச் சொல்வதுபோல அந்தப் பிள்ளை சொன்னாள். எனக்கு யாழ்ப்பாண மேடையில் அழுதுகொண்டு நின்ற எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. 1990-இல் போரால் வடக்குப் பாதை நின்றது. சிலிப்பர்க் கட்டைகள் பங்கருக்குப் போயின. 2014-இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் கோச்சி வந்தபோது, வழியனுப்பியவர்களில் பலர் உயிருடன் இல்லை. அபிகேலை நான் நம்பினேனா என்று கேட்காதீர்கள். அவள் காத்து நின்றதை நம்பினேன்.

ஆனால் அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது வேறொரு கதை. இதற்குப் பேய் இல்லை.

1918 ஜூலை 9 காலை, இதே நிலையத்திலிருந்து 4-ஆம் இலக்க வண்டி மெம்பிஸ் நோக்கிப் புறப்பட்டது. மெம்பிஸிலிருந்து 1-ஆம் இலக்க வண்டி பிந்தி வந்துகொண்டிருந்தது. ஊரின் விளிம்பில் ஷாப்ஸ் என்ற இடம்வரை இரட்டைப் பாதை, அதற்கப்பால் ஒற்றைப் பாதை. 1-ஆம் இலக்கம் தங்களைக் கடந்துவிட்டதா என்று அங்கே உறுதிப்படுத்த வேண்டியது 4-இன் ஆட்கள். நெருக்கடியான பெட்டிகளில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கொண்டக்டர் அந்தக் கவனிப்பை வேறொருவரிடம் விட்டார். பக்கத்தில் போன, பெட்டிகளை இடம் மாற்றும் ஒரு ஷண்டிங் வண்டியை 1-ஆம் இலக்கம் என்று நினைத்துவிட்டார்கள். ஷாப்ஸின் சிக்னல் கோபுரத்தில் இருந்தவர் பச்சை காட்டிய பிறகுதான் பதிவேட்டைப் பார்த்தார். 1-ஆம் இலக்கம் வந்ததாக அதில் இல்லை. ஆபத்து விசிலை ஊதினார். கடைசிப் பெட்டியில் அதைக் கேட்க ஒருவரும் நிற்கவில்லை. 7:20 அளவில் டச்மன்ஸ் கேர்வ் என்ற வளைவில் இரண்டும் மோதின. அரச விசாரணைக் கணக்கில் இறந்தவர்கள் 101 பேர். கனபேர் ஓல்ட் ஹிக்கரி வெடிமருந்து ஆலைக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களுக்கென்று ஒதுக்கிய மரப் பெட்டிகள் இஞ்சினுக்குப் பின்னால் இருந்தன, நொறுங்கின. பின்னால் வந்த இரும்புத் தூக்கப் பெட்டிகள் தப்பின.

எங்கள் பாதையும் ஒற்றைப் பாதைதான். அடுத்த ஸ்டேசன்வரை போக வண்டிக்கு அனுமதியாகக் கொடுக்கும் வில்லைதான் டேப்லட். அப்பா அதை வளையத்தில் செருகி, மேடை ஓரத்தில் கையை நீட்டி நிற்பார். ஓடும் இஞ்சினிலிருந்து ட்ரைவர் குனிந்து வளையத்துக்குள் கையை விட்டு வாங்கிக்கொண்டு போவார். டேப்லட் கையில் இல்லாமல் அடுத்த ஸ்டேசனுக்கு ஒரு அடி எடுத்து வைக்கக்கூடாது. வண்டி போன பிறகும் அப்பா உள்ளே போகமாட்டார். கடைசிப் பெட்டியின் சிவப்பு லாம்பைக் கண்ணால் கண்ட பிறகுதான் திரும்புவார். "லாம்பைக் காணாட்டி வண்டி முழுசா வரேல்லை எண்டு அர்த்தம், தம்பி. பாதி வழியில பெட்டி கழண்டு நிக்கலாம்" என்பார். அதனால்தான் ஷாப்ஸ் கோபுரக்காரரின் விசில் என் காதில் அவ்வளவு நேரம் கேட்டது.

அந்த 101 பேரில் ஒருவருக்குக்கூட ஹோட்டலில் ஒரு கதை ஏன் இல்லை என்று நண்பனிடம் கேட்டேன். "கதைக்கு ஒரு அறை வேணும் மச்சான்" என்றான். சரிதான். அவர்களில் கறுப்பினத்தவரின் சொந்தக்காரருக்கு அந்தக் காலத்தில் வேறு காத்திருப்பறை. நாங்கள் அண்ணாந்து பார்த்த கூரையின் கீழ் அவர்களுக்கு இடம் இல்லை.

விடிய வாடகைக் கார் எடுத்து அந்த வளைவுக்குப் போனோம். வைட் பிரிட்ஜ் வீதிக்குப் பக்கத்தில் ரிச்லண்ட் ஓடை, அதையொட்டி நடைபாதை, ஒரு நினைவுப் பலகை. அன்று மோதிய பெட்டிகள் சோளக் கொல்லைக்குள் சிதறின என்பார்கள். இப்போது மரங்கள் நெருங்கி நிற்கின்றன. பலகையை இரண்டு தரம் வாசித்தேன். நண்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

அப்போது ஒரு சரக்கு வண்டி வந்தது. நிலம் அதிர்ந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி எழுபதில் விட்டுவிட்டேன். போவோமா என்று அவன் என் தோளைத் தொட்டான். "பொறு" என்றேன். நீண்ட நேரம் பொறுத்தோம். கடைசிப் பெட்டி வளைவில் திரும்பும்போது அதன் பின்னால் சின்னச் சிவப்பு வெளிச்சம் ஒன்று விட்டுவிட்டு மின்னியது.

"வந்திட்டுது" என்றான் அவன்.