தார் இருக்கட்டும், ஜல்லியைப் பாருங்கள்

தேவிபட்டினம் பக்கம் எங்கே ரோடு போட்டாலும் “தார் பத்தாது” என்றுதான் பேச்சு. ஆனால் கலவையின் எடையில் தார் 5, 6 சதவீதம்தான். மிச்சமெல்லாம் கல்.

கலவை பிளாண்டில் கிடக்கும் ஜல்லியை ஒரு கை அள்ளிப் பாருங்கள். தட்டையும் நீளமுமாகச் சில்லு சில்லாக இருந்தால் ரோலர் ஏறும்போதே உடையும். உடைந்த முகத்தில் தார் இருக்காது. தட்டையும் நீளமும் சேர்ந்து 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது மத்திய சாலைத் துறை விதி. உள்ளங்கையில் வெள்ளைத் தூசி அப்பினால் இன்னும் மோசம். தார் கல்லைப் பிடிக்காமல் தூசியைப் பிடிக்கும், ஐப்பசி மழையில் உரிந்து வந்துவிடும். நம் கரையோரத்தில் நிலத்தடி நீரும் மேலேயே நிற்கிறது, ஈரம் அடியிலிருந்தும் ஏறும்.

அப்புறம் அளவு. முக்கால் இஞ்சு, அரை இஞ்சு, சிப்ஸ் என்கிற பொடிக்கல், கல்தூள் எல்லாம் கணக்காகச் சேர்ந்தால்தான் பெரிய கல்லின் இடுக்கில் சின்னது உட்காரும். கிரஷரில் சல்லடை கிழிந்திருந்தால் அந்தக் கணக்கு அங்கேயே போச்சு.

தூளுக்குப் பதில் கடல்மணலை மட்டும் யாரும் கலந்துவிடாதீர்கள். உருண்டை மணல், பிடிப்பே கிடையாது, உப்பு வேறு.