கைக்கு முன்னால் கால்: கடலூர்க் குறிப்புகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

உடம்பு பிடித்துவிடக் கற்பவருக்குக் கட்டில் உயரத்திலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மடக்கிய முஷ்டியின் கணு மெத்தையில் பட வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் தோள் ஏறிக்கொள்ளும், உடம்பின் பாரம் இறங்காது, பெருவிரல்தான் உழைக்கும். தாழ்ந்திருந்தால் மூன்றாவது ஆளுக்குள் பிடிப்பவருக்கே இடுப்பு பிடித்துக்கொள்ளும். அகலம் 28 அங்குலம் போதும். 36 வைத்தால் முதுகுத்தண்டை எட்டவே எக்க வேண்டிவரும். தச்சரிடம் செய்வதானால் கால்களைக் கொஞ்சம் நீளமாகவே விடச் சொல்லுங்கள். நின்று பார்த்துவிட்டு அறுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 4, புதன்

முள் வைத்த எடை மெஷினைக் கட்டில்மேல் வைத்து அழுத்திப் பழகுங்கள். 5 கிலோவில் நிறுத்தி, பத்து மூச்சு. கைத்தசையால் அமுக்கினால் முள் ஆடும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து, பின்குதிகாலிலிருந்து உடம்பைச் சாய்த்தால் முள் நிற்கும். முழங்கை நேராக இருக்கட்டும், விறைக்க வேண்டாம். பெருவிரல் முன்கையின் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பின்பக்கம் வளைந்தால் அடிமூட்டு வலிக்கத் தொடங்கும், அது லேசில் போகாது. முதுகுக்கு முன்கை இருக்கிறது, முழங்கை இருக்கிறது. பெருவிரலைப் பாதத்துக்கும் உள்ளங்கைக்கும் மிச்சம் பிடியுங்கள்.

ஜூன் 9, திங்கள்

சித்த மருத்துவத்தில் தொக்கணம், அதாவது உடம்பு பிடித்துவிடுதல், ஒன்பது வகை: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். ஊரில் நடப்பது பெரும்பாலும் பிடித்தலும் அழுத்தலும்தான். அசைத்தல் கஷ்டம் என்பதால் விட்டுவிடுகிறார்கள். படுத்திருப்பவரின் கையைத் தாங்கித் தூக்கி, தாங்கலை ஒரு விரற்கடை இறக்கிப் பாருங்கள். கை அந்தரத்தில் நின்றால் இன்னும் அவரேதான் பிடித்துக்கொண்டிருக்கிறார். “லூஸா விடுங்க” என்று சொல்லி விட்டவர் யாரும் இல்லை. அவர் மூச்சு வெளியேறும் நேரம் பார்த்து இறக்கினால் மூன்றாவது நான்காவது முறையில் பாரம் உங்கள் கைக்கு வந்துவிடும். மூட்டை ஆட்டுவது அதற்குப் பிறகு.

ஜூன் 10, செவ்வாய்

எண்ணெய். முழு உடம்புக்கு நல்லெண்ணெய் 50, 60 மில்லி. அதற்குமேல் ஊற்றினால் பிடி வழுக்கும், கை மேலாகவே ஓடும். இந்த வெயிலுக்குச் சூடாக்க வேண்டியதில்லை. ஐப்பசி மழையில் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள், அடுப்பில் வேண்டாம். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் மற்றவர்மேல். சர்க்கரை உள்ளவர் என்றால் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தைப் பஞ்சால் தொட்டுக் கேளுங்கள். தெரியவில்லை என்றால் சூட்டு எண்ணெய், ஒத்தடம் இரண்டும் கூடாது. கொப்புளம் வந்தபிறகுதான் அவருக்கே தெரியும். துண்டுகளுக்கு வெந்நீரும் சலவை சோடாவும். சோப்பு மட்டும் போட்டால் நாலு நாளில் காறல் வாடை.

ஜூன் 13, வெள்ளி

தேவனாம்பட்டினத்தில் வலை இழுத்த தோளும், மஞ்சக்குப்பத்தில் நாளெல்லாம் உட்கார்ந்து கணக்கெழுதிய தோளும் வந்து சொல்வது ஒன்றுதான்: “கை தூக்க முடியல.” காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 பாகை மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறது? இப்போது நீங்கள் மெல்லத் திருப்புங்கள். உங்கள் கைக்கும் அதே இடத்தில் முட்டினால் மூட்டின் உறை இறுகியிருக்கலாம். ஃப்ரோசன் ஷோல்டர் என்பது இதுதான். 40 முதல் 60 வயதில், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். எக்ஸ்ரே எடுத்து மூட்டுத் தேய்மானம் இல்லை என்று பார்த்துக்கொள்வது நல்லது. அவரால் முடியாதது உங்கள் கைக்கு வழிவிடுகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உறை இறுகிய தோளில், இராத்தூக்கம் கெடும் அளவுக்கு வலிக்கும் காலத்தில் இழுக்கவே கூடாது. சுளுக்கு எடுப்பதாக நினைத்து வெடுக்கென்று இழுப்பவர்களால்தான் பாதித் தோள்கள் இன்னும் மோசமாகின்றன. அக்குளின் பின்மடிப்பு, தோள்பட்டை எலும்பின்மேல் உள்ள தசை, மார்புத்தசை இவற்றை மட்டும் இதமாகப் பிடித்துவிடுங்கள். வீட்டுக்கு ஊசல் பயிற்சி: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு, இடுப்பை ஆட்ட வேண்டும். ஒரு நிமிடம், தினம் மூன்று வேளை. எல்லோரும் கையைத்தான் ஆட்டுவார்கள். அப்போது தோள் இறுகும், பலன் போச்சு. சரியாக ஒன்று இரண்டு வருடம்கூட ஆகலாம் என்பதை முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

ஜூன் 18, புதன்

மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) இயற்பியல் படித்த ஜூடோக்காரர், மெல்லிய அசைவுகளால் உடம்பைப் பழக்கும் முறையை உருவாக்கியவர். அவர் வழியில் இடுப்புக்கு ஒரு பாடம்: பாயில் மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் ஒரு கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் பக்கம் 12, வால் எலும்புப் பக்கம் 6. பாரத்தை 12க்கும் 6க்கும் மெல்ல உருட்டுங்கள், பத்து முறை. பிறகு 3, 9. கடைசியில் முழு வட்டம். சிலருக்கு 4க்கும் 5க்கும் நடுவே தாவும். அந்த இடத்தைத் தாண்டாமல் இன்னும் சின்னதாகச் செய்ய வேண்டும். ஏன் சின்னதாக? நிறைகுடம் சுமக்கும்போது ஒரு கரண்டித் தண்ணீர் கூடினால் தெரியாது. வெறும் தம்ளரில் ஊற்றினால் தெரியும்.

ஜூன் 20, வெள்ளி

ஆரோவில்லில் வாட்சு கற்க விரும்புபவர்களுக்கு: ஹெரால்ட் டல் 1980இல் கலிஃபோர்னியாவில் தொடங்கியது, ஷியாட்சு என்ற ஜப்பானிய அழுத்து முறையைத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. தண்ணீர் சுமார் 35 பாகை. அங்கேயும் முதல் பாடம் கால்தான்; அகலமாக ஊன்றி, முழங்கால் மடக்கி, தோள் நனைய நிற்பது.

ஜூன் 24, செவ்வாய்

கெண்டைக்கால். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சூடாக, அழுத்தினால் வலித்தால், அதிலும் அறுவைசிகிச்சை முடிந்தோ நீண்ட பஸ் பயணம் முடிந்தோ வந்தவர் என்றால், கையே வைக்காதீர்கள். இரத்தம் உறைந்திருக்கலாம், தேய்த்தால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். அன்றே மருத்துவமனை. வீட்டில் தைலம் தேய்த்துக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். வாங்கிய காசையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.