சாப்டரை நடத்துவது செயலாளர்தான்

நவம்பர் பிறந்தால் ஐ-ட்ரிபிள்-ஈ (IEEE, மின், மின்னணுப் பொறியாளர்களின் உலக அமைப்பு) சாப்டர்களின், அதாவது அதன் துறைவாரி உள்ளூர்க் கிளைகளின், வாட்ஸாப் குழுக்களில் ஒரு கேள்வி ஓடும்: அடுத்த வருஷம் சேர் (தலைவர்) யார்? செயலாளர் யார் என்று எவரும் கேட்பதில்லை. கடைசி நேரத்தில், கூட்டத்துக்கே வராத ஒருவரின் பெயரை அந்த இடத்தில் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலான சாப்டர்கள் படுத்துக்கொள்வது அங்கேதான்.

அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1884-ல் தொடங்கிய அமெரிக்க மின்பொறியாளர் கழகமும் 1912-ல் தொடங்கிய ரேடியோ பொறியாளர் கழகமும் 1963-ல் ஒன்றாகி ஐ-ட்ரிபிள்-ஈ ஆனது. இந்தியாவும் இலங்கையும் அதன் பத்தாவது ரீஜனில் வருகின்றன. ரீஜனுக்குக் கீழே செக்‌ஷன். நமக்கு மெட்ராஸ் செக்‌ஷன் (ஊருக்குப் பெயர் மாறியும் இதற்கு மாறவில்லை), இலங்கையில் ஸ்ரீலங்கா செக்‌ஷன். செக்‌ஷனுக்குள் பவர் அண்ட் எனர்ஜி, கம்யூனிகேஷன்ஸ், கம்ப்யூட்டர் என்று டெக்னிக்கல் சொசைட்டி (துறைச் சங்கம்) வாரியாகச் சாப்டர்கள். புதிதாக ஒன்று தொடங்க, மாணவர் நிலைக்கு மேலே உள்ள அந்தச் சொசைட்டி உறுப்பினர்கள் 12 பேராவது மனுவில் ஒப்பமிட வேண்டும். 12 பேர் தேறாத ஊர்களில் நெருங்கிய சொசைட்டிகள் இரண்டு மூன்று சேர்ந்து கூட்டுச் சாப்டராகத் தொடங்கிக்கொள்ளலாம்.

தொடங்கிய பிறகு, வருஷத்துக்கு இரண்டு தொழில்நுட்பக் கூட்டமாவது நடத்தினால்தான் சாப்டர் இயங்குவதாகக் கணக்கு. இரண்டு என்பது ஒன்றுமே இல்லை. ஆனாலும் இதில் தவறும் சாப்டர்கள் உண்டு. கூட்டம் நடந்திருக்கும், சால்வை போட்ட படம் ஃபேஸ்புக்கில் இருக்கும், ஐ-ட்ரிபிள்-ஈயின் இணையத் தளமான வீடூல்ஸில் (vTools) அறிக்கை மட்டும் ஏறியிருக்காது. எல்-31 என்று பழைய ஆட்கள் சொல்லும் அந்தக் கூட்ட அறிக்கை ஏறாவிட்டால், தலைமையகத்தைப் பொறுத்தவரை அந்தக் கூட்டம் நடக்கவே இல்லை. கூட்ட அறிக்கைகள், பொறுப்பாளர் பட்டியல், நிதி அறிக்கை மூன்றும் அடுத்த வருஷம் பிப்ரவரிக்குள் போய்ச் சேர வேண்டும். சாப்டருக்குத் தலைமையகம் தரும் ரிபேட் தொகை இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அது செக்‌ஷன் வழியாக வருவதால், செக்‌ஷன் பொருளாளருக்கு நம் அறிக்கை நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் அவர் கணக்கும் நொண்டும்.

ஆகவே செயலாளராக எழுதிக் கொடுக்கத் தயங்காத ஒருவரைப் பிடியுங்கள். பெரிய பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. கூட்டம் முடிந்த இரவே வருகைப் பட்டியலைத் தட்டச்சு செய்துவிடும் பழக்கம் உள்ளவர் போதும். பெயரை முடிவு செய்யும் முன் அவருடைய மெம்பர்ஷிப்பையும் பாருங்கள். ஐ-ட்ரிபிள்-ஈ உறுப்பினராக இருந்தால் மட்டும் போதாது, சாப்டர் எந்தச் சொசைட்டியுடையதோ அதிலும் இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது முதன்மைச் சந்தாவைக் கட்டிவிட்டு, சொசைட்டியைக் கூடையில் சேர்க்க மறந்துபோவது அடிக்கடி நடக்கிறது. சந்தா வருஷம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. புதுப்பிக்காதவர்களுக்குப் பிப்ரவரி முடிய அவகாசம் இருக்கும், அதன்பின் பெயர் செயலற்ற பட்டியலுக்குப் போய்விடும். அதனால்தான் மார்ச் மாதத்தில் திடீரென்று நம் சாப்டரில் ஆளே இல்லாதது போலத் தெரியும். பொறுப்பாளர்களின் பெயரும் அந்தச் செயலற்ற பட்டியலில் விழுந்தால் வீடூல்ஸில் நுழையவே முடியாமல் திண்டாட்டம்.

அடுத்தது நாட்காட்டி. டெல்லியிலோ நியூஜெர்சியிலோ போட்ட அட்டவணை இங்கே சரிப்படாது. ஜனவரி முதல் பாதி பொங்கலோடு போய்விடும். மார்ச் கடைசி, கம்பெனிகளுக்கு ஆண்டுக் கணக்கு முடிப்பு. ஏப்ரல்-மேயிலும் நவம்பர்-டிசம்பரிலும் கல்லூரிகளில் செமஸ்டர் தேர்வு. அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்குப் பருவமழை. எஞ்சுவது ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடு வரை, பிறகு ஜூலை முதல் செப்டம்பர் வரை. வெளியூர்ப் பேச்சாளர், முழுநாள் பயிலரங்கு இரண்டையும் இந்த இரண்டு சாளரங்களுக்குள் வைத்துவிட்டு, மற்ற மாதங்களுக்கு ஒரு மணி நேர ஆன்லைன் உரைகளை விட்டுவிடுங்கள். ஐ-ட்ரிபிள்-ஈ நாள் அக்டோபர் முதல் செவ்வாயில் வருகிறது. 1884 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவில் கூடிய முதல் தொழில்நுட்பக் கூட்டத்தின் நினைவாக அது. மழை நெருங்குகிறதே என்று பயந்து அதை விட வேண்டாம், கல்லூரிக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம்.

இடம் விஷயத்தில் ஒரு பிடிவாதம் வேண்டும். கல்லூரி அரங்கு இலவசம், ஏசி, புரொஜக்டர், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்பதால் எல்லாக் கூட்டமும் அங்கேயே நடக்கிறது. ஸ்ரீபெரும்புதூருக்கு அந்தப் பக்கம் உள்ள கல்லூரிக்கு வார நாள் மாலை ஆறு மணிக்கு கிண்டியிலிருந்து எந்த டிசைன் இன்ஜினியர் வருவார்? வராததால் அரங்கை நிரப்ப இரண்டு வகுப்பு மாணவர்களைக் கூட்டி வந்து உட்கார வைப்பார்கள். ரிலே கோஆர்டினேஷன் பற்றிப் பணியில் உள்ளவர்களுக்காகத் தயாரித்து வந்தவர், எதிரே இரண்டாம் ஆண்டு மாணவர்களைப் பார்த்துத் தன் ஸ்லைடுகளில் பாதியைத் தாண்டிவிட்டுப் போவார். யாருக்கும் பயனில்லை. பணியில் உள்ளவர்களுக்கான கூட்டம் என்றால் நகருக்குள், மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், நாற்பது பேர் கொள்ளும் அறை போதும். சனிக்கிழமை காலை பத்து மணி, அல்லது வார நாளில் ஆறரை. மாணவர்களுக்கான கூட்டத்தைத் தனியாக, கல்லூரியில், வேறு பாடத்தோடு நடத்துங்கள்.

ஒரு சாதாரண உரைக்கு ஆறு வாரம் முன்பே வேலை தொடங்க வேண்டும். முதலில் பேச்சாளரிடமிருந்து தலைப்பு, 150 சொல்லுக்குள் சுருக்கம், ஒரு பத்தியில் அவரைப் பற்றிய குறிப்பு, படம், பதிவு செய்து வெளியிடலாமா என்பதற்கு எழுத்தில் ஒப்புதல். ஐந்தும் வந்த பிறகுதான் போஸ்டர். சுருக்கம் இல்லாமல் தலைப்பை மட்டும் வைத்து அறிவித்தால், ‘ஸ்மார்ட் கிரிட்: வாய்ப்புகளும் சவால்களும்’ என்ற வகையில் எதையும் சொல்லாத தலைப்பு ஒன்று வந்து சேரும். அதற்கு விவரம் தெரிந்தவர்கள் யாரும் வரமாட்டார்கள். நான்கு வாரம் முன்பு வீடூல்ஸில் நிகழ்ச்சிப் பக்கம். அதே பக்கத்தில்தான் பிறகு அறிக்கை ஏறும் என்பதால் முதலிலேயே திறந்துவைப்பது பாதி வேலையை முடித்துவிடும். இரண்டு வாரம் முன்பு உறுப்பினர்களுக்கு ஈநோட்டீஸ் மின்னஞ்சல், மூன்று நாள் முன்பு நினைவூட்டல், அன்று காலை வாட்ஸாப்.

இலவசக் கூட்டத்துக்குப் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வந்தால் நல்ல கூட்டம். நூறு பேர் பதிந்தால் அறுபது டீக்கு மேல் சொல்ல வேண்டாம். ஐம்பது ரூபாயாவது கட்டணம் வைத்தால் வருகை நன்றாகக் கூடும், ஆனால் அதன் கணக்கு வேறு தலைவலி, பிறகு வருகிறேன். அரங்கில் கைமைக் இரண்டு வேண்டும், ஒன்று கேள்வி கேட்பவர்களிடம் சுற்ற. எச்டிஎம்ஐ கேபிளோடு யூஎஸ்பி-சி அடாப்டரும் இருக்கட்டும், இப்போதைய லேப்டாப்கள் பலவற்றில் எச்டிஎம்ஐ துளையே கிடையாது. ஸ்லைடுகளை முதல் நாளே வாங்கி வேறொரு லேப்டாப்பில் ஏற்றித் திறந்து பாருங்கள். வீடியோவும் சமன்பாடுகளும் உடைவது அங்கேதான் தெரியும்.

வருகைத் தாளில் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு தனிக் கட்டம் கட்டாயம். அறிக்கையில் உறுப்பினர் எத்தனை பேர், விருந்தினர் எத்தனை பேர் என்று பிரித்துக் கேட்பார்கள். பெயரும் கையெழுத்தும் மட்டும் உள்ள தாளை வைத்துக்கொண்டு அந்த எண்ணைக் குத்துமதிப்பாகப் போடுவதுதான் பல சாப்டர்களின் வழக்கம். க்யூஆர் படிவம் வைத்தாலும் பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும், அடித்தளத்தில் உள்ள அரங்குகளில் சிக்னல் கிடைக்காது.

மேடை நிகழ்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பேச்சாளர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம். தொண்ணூறு நிமிடக் கூட்டத்தில் நாற்பது இதற்கே போகும். பேச்சாளர் ஒருவர் வந்து சொல்ல இருப்பதைச் சுருக்கித் தொலைப்பதுதான் மிச்சம். வரவேற்பும் அறிமுகமும் சேர்த்து ஐந்து நிமிடம், உரை ஐம்பது, கேள்வி இருபது, நன்றி இரண்டு. பொன்னாடை வேண்டுமென்றால் கடைசியில். கல்லூரி நிர்வாகத்தினர் மேடையில் பேச விரும்பினால் உரைக்குப் பின்னால் நேரம் ஒதுக்குங்கள். அதைச் சேர்தான் முன்கூட்டியே, மரியாதையோடு பேசி முடிக்க வேண்டும். சேருக்கு என்று தனியாக உள்ள வேலைகளில் இது முக்கியமானது.

டிஸ்டிங்விஷ்ட் லெக்சரர் திட்டத்தைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. ஒவ்வொரு சொசைட்டியும் சில வல்லுநர்களைத் தேர்ந்து அறிவித்திருக்கும். பெரும்பாலும் பயணச் செலவு சொசைட்டியின் பொறுப்பு, தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து நம் பொறுப்பு. சென்னைக்கு மட்டும் கேட்டால் ஒப்புதல் கிடைப்பது கடினம். பெங்களூரு, ஹைதராபாத், கொழும்புச் சாப்டர்களோடு முன்பே பேசி ஒரே பயணமாகக் கேட்டால் எளிது. வெளிநாட்டவர் என்றால் எந்த வகை விசா என்பதை அழைப்புக் கடிதம் எழுதும் முன்பே முடிவு செய்துவிடுங்கள், கடிதத்தின் வாசகம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

இனி பணம். ஐ-ட்ரிபிள்-ஈக்குக் கணக்கு வருஷம் ஜனவரி-டிசம்பர். நம் அரசுக்கு ஏப்ரல்-மார்ச். இரண்டுக்கும் ஒரே பேரேட்டிலிருந்து பதில் சொல்ல வேண்டும். மாதவாரியாக வரவு செலவை மூடிவைத்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம். நிகழ்ச்சிவாரியாக மட்டும் எழுதிவைத்தால் டிசம்பரில் தொடங்கி பிப்ரவரியில் பில் வந்த பயிலரங்கு ஐ-ட்ரிபிள்-ஈ கணக்கைக் கெடுத்துவிடும். பில்கள் செக்‌ஷன் பெயரில், அதன் ஜிஎஸ்டி எண்ணோடு வர வேண்டும். ஹோட்டல்காரரிடம் இதை அறை போடும்போதே சொல்லுங்கள், காலி செய்யும்போது மாற்றித் தரமாட்டார்கள். ஸ்பான்சர் காசோலையும் செக்‌ஷன் பெயரில்தான்.

மேலே விட்ட கட்டண விஷயம் இதுதான். பதிவுக் கட்டணத்தை ஒரு மாணவரின் அல்லது இளம் ஆசிரியரின் சொந்த ஜிபேயில் வாங்குவது எங்கும் நடக்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் அந்தப் பணம் அவருடைய வங்கிக் கணக்கில் அவருடைய வரவாக நிற்கிறது. ரசீது கேட்டால் தர வழியில்லை. அவர் ஊர் மாறிப் போய்விட்டால் யாரிடம் எவ்வளவு வாங்கினார் என்பதும் தெரியாது. கட்டணம் வசூலிப்பதென்றால் செக்‌ஷன் கணக்கோடு இணைந்த வழியில் மட்டும். அது அமையவில்லையென்றால் இலவசமாகவே நடத்திவிடுங்கள்.

மெம்பர்ஷிப்பில் இரண்டு தேதிகள் தெரிந்தால் போதும். ஆகஸ்ட் 16 முதல் சேர்பவருக்கு அடுத்த வருஷம் முடியச் செல்லும். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 15 வரை சேர்ந்தால் அரை வருஷச் சந்தா. ஆகவே சேர்க்கை முகாமை ஆகஸ்ட் பின்பாதியில் வையுங்கள். இறுதியாண்டு மாணவர்களிடம் கல்லூரி மின்னஞ்சலுக்குப் பதிலாகச் சொந்த மின்னஞ்சலை ஏப்ரலுக்குள் மாற்றச் சொல்லுங்கள். கல்லூரி முகவரி செத்த அன்றே அவரும் நம் பட்டியலிலிருந்து மறைந்துவிடுகிறார்.

சாதாரண உறுப்பினருக்கு அடுத்த நிலையான சீனியர் மெம்பர் உயர்வுக்கு விண்ணப்பிக்க உதவுவது சாப்டர் செய்யக்கூடிய நல்ல வேலை. பத்து வருஷத் தொழில் அனுபவம், அதில் ஐந்து வருஷமாவது குறிப்பிடத்தக்க பணி, சீனியர் மெம்பர் அல்லது ஃபெல்லோவாக உள்ள மூவரின் பரிந்துரை. படிப்புக்கும் கழிவு உண்டு: பி.இ.க்கு 3 வருஷம், எம்.இ.க்கு 4, பிஎச்.டி.க்கு 5. மூன்றையும் கூட்டக் கூடாது, உயர்ந்தது ஒன்றுதான். தனிக் கட்டணம் கிடையாது. விண்ணப்பங்கள் திரும்புவது பெரும்பாலும் தகுதிக் குறைவால் அல்ல. பயோடேட்டாவில் வகித்த பதவிகள் இருக்கும், என்ன செய்தார் என்பது இருக்காது. ‘துணை மேலாளர், 2012–2018’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எத்தனை கேவி (கிலோவோல்ட்) துணைமின் நிலையம், எந்தப் பகுதிக்கு அவர் பொறுப்பு, எத்தனை பேர் அவருக்குக் கீழே என்று எழுத வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் பத்துப் பேரை லேப்டாப்போடு உட்கார வைத்து, இரண்டு சீனியர் மெம்பர்கள் பக்கத்தில் இருந்தால், அன்றே பாதி விண்ணப்பங்கள் போய்விடும்.

கடைசியாக, பொறுப்பு மாற்றம். டிசம்பர் முதல் வாரத்திலேயே வேலை தொடங்க வேண்டும். சாப்டருக்குத் தனி வங்கிக் கணக்கு இருந்தால் கையெழுத்திடுபவர்களை மாற்றத் தீர்மான நகல், பழையவர்களின் ஒப்பம், புதியவர்களின் பான், ஆதார் எல்லாம் வேண்டும். வங்கிக் கிளை இதற்குச் சில வாரம் எடுத்துக்கொள்ளும். சாப்டரின் பொது மின்னஞ்சல், கூகுள் டிரைவ், இணையதளக் கடவுச்சொல், டொமைன் யார் பெயரில் பதிவாகியுள்ளது, அதன் புதுப்பிப்புத் தேதி எது, ஜூம் கணக்கு, மீதமுள்ள நினைவுப் பரிசுகள், ஃபிளெக்ஸ் ஸ்டாண்ட் இருக்கும் இடம் ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதி இரண்டு செயலாளர்களும் ஒப்பமிடட்டும். இரண்டடுக்குச் சரிபார்ப்பு யாருடைய கைப்பேசி எண்ணுக்குப் போகிறது என்பதையும் அந்தத் தாளில் சேருங்கள். கடவுச்சொல் இருந்தும் ஓடிபி பழைய செயலாளருக்குப் போய், அவர் வெளிநாட்டில் இருப்பதால் ஜனவரி முழுவதும் முடங்கும் சாப்டர்கள் உண்டு. புதிய பெயர்களை வீடூல்ஸில் ஏற்றுவது அந்த வாரத்திலேயே முடிய வேண்டும். பிப்ரவரியில் அனுப்ப வேண்டிய பழைய வருஷ அறிக்கைகள் பழைய செயலாளரின் கடன் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள்.