டப்ளின் மேலவையின் அன்றாடப் பேச்சு

இலங்கையின் செனற் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டதால், மேலவை உறுப்பினர் அன்றாடம் என்ன பேசுவார் என்பதை யாழ்ப்பாணத்தில் என் தலைமுறையினர் கண்டதில்லை. அயர்லாந்தின் 60 பேர் கொண்ட மேலவையின் பதிவேடுகளை ஆர்வத்துடன் வாசித்து வருகிறேன். ஓர் உறுப்பினர் எழுந்து, தம் ஊர்ப் பாடசாலைக் கட்டடம் ஏன் தாமதமாகிறது என்று கேட்கிறார். அமைச்சர் பதிலை வாசித்து முடித்ததும், அதில் விடுபட்டதைச் சுட்டி மறுபடியும் கேட்கிறார். அந்த இரண்டாவது கேள்வியே எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாதாரணச் சட்டமூலத்தை 90 நாட்கள் வரை தாமதப்படுத்த மட்டுமே முடிந்த அவைக்குச் சொல்லை விட்டால் வேறு பலம் ஏது? அதை ஒழிக்கும் யோசனையை 2013 ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பில் மக்கள் நிராகரித்தனர். இத்தகைய கேள்விகள் இங்கும் ஒலிக்க, 2018 இல் பதவிக்காலம் முடிந்த எங்கள் வட மாகாண சபைக்கும் விரைவில் தேர்தல் நடத்தப்பட வேண்டும்.