ரண்டு விரல் கிற்றார்

நான் பிரான்சுக்கு வந்த முதல் வின்ரரில ஒரு தடிச்ச ஜக்கெற் வாங்கத்தான் சான்-துவான் பழைய சாமான் சந்தைக்குப் போனனான். பாரிசில லாசப்பல் ரூமில நாங்கள் ஆறு பேர், அதில மூத்த அண்ணை சொன்னவர், உங்க கடை வழிய காசைக் கொட்டாத, கார் து நோர் ஸ்ரேசனில 4ஆம் நம்பர் மெத்ரோ எடுத்துக் கிளினாங்கூரில இறங்கி நட, சனி ஞாயிறில மலிவா எடுக்கலாம் எண்டு. அப்ப நான் ஒரு றெஸ்ரோறண்ட்டில கோப்பை கழுவுறன், தெரிஞ்ச பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான், விசாப் பேப்பரும் இல்லை.

ஜக்கெற் எடுத்தாச்சு, ஆனாலும் குளிர் தாங்கேலாம ரூ தே ரோசியே தெருவில ஒரு சின்ன பாருக்குள்ள பூந்து கோப்பி ஒண்டு சொல்லிப்போட்டு நிக்கிறன், மூலையில ரண்டு பேர் கதிரையில இருந்து கிற்றார் அடிக்கினம். மேடை இல்லை, மைக் இல்லை, வாசிக்கிறவற்ற முழங்கை பக்கத்து மேசை பியர் கிளாசில முட்டுது. ஒருத்தர் சக்-சக் சக்-சக் எண்டு விடாம வெட்டுறார், மற்றவர் அதுக்கு மேல தகரத்தில கச்சான் கொட்டின மாதிரி ஓடுறார். மேளம் ஒண்டும் இல்லை, பிறகு எங்கயிருந்து இந்தத் தாளம் வருது எண்டு நான் சுத்திச் சுத்திப் பாத்தன். அந்த வெட்டுக்கு லா பொம்ப் எண்டு பேராம், பம்ப் எண்டுதான் அர்த்தம், கம்பியைத் தட்டின உடன விரலைத் தளத்திச் சத்தத்தை நிப்பாட்டிப்போடுவினம், அதுதான் அந்தச் சக்.

இதுதான் ஜாஸ் மனூஷ். மனூஷ் எண்டா கரவன் வண்டியில ஊர் ஊராத் திரிஞ்ச, ஜிப்சி எண்டு சொல்லுற ரோமா சனத்தில ஒரு பிரிவு. அதில வந்தவர்தான் ஜாங்கோ ரைன்ஹார்ட், 1910ல பெல்ஜியத்தில பிறந்தவர், எழுத்து வாசிப்பு பெரிசா இல்லை, இசை நோட்ஸும் வாசிக்கத் தெரியாது. 1928ல, 18 வயசில, கரவன் நெருப்புப் பிடிச்சு இடக்கையில மோதிர விரலும் சின்ன விரலும் சுருண்டு போச்சு. மனுசி விக்கிறதுக்குச் செஞ்சு வச்சிருந்த செலுலாயிட் பிளாஸ்ரிக் பூவில மெழுகுதிரி பட்டதாம். கிற்றாருக்கு இடக்கைதானே முக்கியம், மிச்ச ரண்டு விரலால அவர் புதுசா வாசிக்கப் பழகினார். இதைக் கேள்விப்பட்ட அடுத்த நாள் நானும் ரண்டு விரலை மடக்கிக்கொண்டு ஒரு சட்டியைக் கழுவிப் பாத்தன், வழுக்கி விழுந்து பேச்சு வாங்கினதுதான் மிச்சம்.

1934ல பாரிசில அவரும் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் தொடங்கின குழுவில மூண்டு கிற்றார், ஒரு வயலின், ஒரு டபுள் பாஸ், அவ்வளவுதான். அமெரிக்க ஜாஸில ட்ரம்பெற்றும் டிரம்ஸும் முன்னுக்கு நிண்ட காலத்தில இவையள் முழுக்கக் கம்பியிலயே செஞ்சவை. மெட்டு சோகமா இருக்கும், ஆனா கால் சும்மா இராது, எனக்குப் பிடிச்சதும் அதுதான். நாசிகள் ரோமா சனத்தைக் கொண்டு குவிச்ச காலத்தில அவர் பாரிசில வாசிச்சுக்கொண்டு இருந்தவர், இடையில சுவிசுக்குத் தப்பிப் போக வெளிக்கிட்டு ஏலாமத் திரும்பி வந்தவர். இதை நான் ரூமில சொல்ல ஒருத்தரும் ஆச்சரியப்படேல்ல, எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே. 1953ல 43 வயசில செத்துப்போனார்.

கிராப்பெல்லி கனகாலம் இருந்தவர். 1984ல எங்கட வயலின்காரர் எல். சுப்பிரமணியத்தோட சேந்து ‘கான்வர்சேஷன்ஸ்’ எண்டு ஒரு றெக்கோட் போட்டவை. எங்கட எண்டு சும்மா சொல்லேல்ல, சுப்பிரமணியத்தின்ர தகப்பன் லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில சங்கீதம் படிப்பிச்சவர், இலங்கையில நடந்த 1958 கலவரத்தோடதான் குடும்பமா மெட்ராசுக்குப் போனவை.

எனக்கு விசாப் பேப்பர் கிடைச்ச வருசம் அதே சந்தையில அந்த றெக்கோட்டைக் கண்டு பேரம் பேசி வாங்கினன். வீட்டில போட்டுக் கேக்க றெக்கோட் பிளேயர் இல்லை, இண்டைக்கும் அது அலுமாரிக்கு மேலதான் கிடக்குது, மனுசி தூசி தட்டேக்க மட்டும் இதை என்ன செய்யப்போறியள் எண்டு கேப்பா.